நடத்தவா, ஆடவா?

வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமாயிருச்சுங்களா? அதான் ஃபோன்ல சொன்னேனுங்களே, ரேஷன் கடைக்கு எதுத்தாப்புல இருக்கற சந்துன்னு. இந்தக் கணபதி ஏரியாவுல எல்லாச் சந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. தேவகி, ரெண்டு டீ போடு! என் சம்சாரந்தானுங்க.

புக்கெல்லாம் அந்தா மேசை மேல அடுக்கி வெச்சிருக்கேன் பாருங்க. எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டிருக்கேன். எதுலயாவது ஒரு கறை, ஒரு மடிப்பு இருந்தாச் சொல்லுங்க, சும்மாவே தந்தர்றேன். நான் பம்ப்பு கம்பெனியில தரம் பாக்கறவனுங்க. இருவத்திமூணு வருசமாத் தப்புக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். டிராயிங்ல இருக்கற அளவுக்கு நூலளவு மாறியிருந்தாலும் ரிஜெக்ட்டுன்னு சாக்பீஸ்ல எழுதித் தூக்கிப் போட்டுருவேன். சென்னியப்பன் பாத்து அனுப்புன பம்ப்பு திரும்பி வந்ததாச் சரித்திரமே இல்லீங்க.

அடியில மூலை மடங்குன மாதிரி ஒண்ணு இருக்குது பாருங்க, அதை மட்டும் எடுக்காதீங்க. அது விக்கறதுக்கில்ல. எப்படி அந்த அடுக்குல வந்துச்சுன்னு தெரியல. இப்படிக் குடுங்க.

நேர்ல வந்து வாங்கறவங்களுக்கு மட்டும்னு ஏன் விளம்பரம் போட்டீங்கன்னு கேட்டீங்கல்ல. ஏழு பேரு கூப்பிட்டாங்க. கூரியர்ல போட்டு விடுங்க, பணத்தை இந்த நிமிசமே அனுப்பறேன்னாங்க. மாட்டேன்னுட்டேன். புக்கு வாங்கறதுன்னா ஆள் மூஞ்சியைப் பாத்து வாங்கோணுமுங்க. நாலு வார்த்தை பேசி, எதுக்கு வாங்கறோம் என்னன்னு கேட்டு வாங்கோணும். ஒரு மாசமா விளம்பரம் கெடக்குது, நேர்ல வந்தது நீங்க ஒருத்தருதான். அவசரமில்லைங்களே? டீ வந்துரும்.

வீட்டுக்காரருக்குப் பொறந்தநாளு, அவருக்குத் தெரியாம வாங்கிக் குடுக்கோணும்னு சொன்னீங்க. உங்களுக்கு இந்த ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னும் சொன்னீங்க. அப்பக் கொஞ்சம் கேட்டுக்குங்க. இது சீட்டும் இல்ல, செஸ்ஸும் இல்ல. அஞ்சாறு பேரு ஒரு மேசையைச் சுத்தி உக்காந்து கதை ஆடறது. ஒருத்தர் நடத்துவாரு. ஊரு, மழை, திருடன், ராசா எல்லாமே அவருதான். மத்தவங்க ஆளுக்கொரு வேசம். நான் அந்தக் கதவைத் தெறக்கறேன்னு நாம சொல்லோணும். தெறந்தா உள்ள என்ன இருக்குதுன்னு நடத்தறவரு சொல்லுவாரு. தெறக்க முடியுமா முடியாதான்னு சந்தேகம் வந்தா, இருவது மூஞ்சி இருக்கற பகடையை உருட்டோணும். பெரிய நம்பர் விழுந்தா நடக்கும். கேக்கறதுக்குச் சின்னப் பசங்க வெளையாட்டாட்டம் இருக்கும். உக்காந்து பாத்தாத்தான் தெரியும். மூணு மணிக்கு உக்காந்தா ஏழு மணி ஆனது தெரியாது.

இதுல புக்கு ரெண்டு வகை. சட்டதிட்டம் சொல்ற புக்கு ஒரு வகை, அதை யாரு வேணும்னாலும் படிக்கலாம். இன்னொண்ணு கதைப் புக்கு. எந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குது, எவன் துரோகி, பொக்கிசம் எங்க, எல்லாம் அதுல இருக்கும். அதை நடத்தறவரு மட்டுந்தான் படிக்கோணுமாம். அப்படி ஒரு வழக்கம். இந்த ஒரு வழக்கத்தை வெச்சுக்கிட்டுத்தான் அந்த ஜெயசீலன் என்னை இந்த நெலைமைக்குக் கொண்டாந்து உட்டுட்டாரு.

ஆமாங்க. வீடு நிறையப் புக்கு இருக்குது, ஆட ஒரு மேசை இல்லாம சனிக்கிழமை மத்தியானம் நான் டிவியைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்னா, முழுக் காரணம் ஜெயசீலன்தான்.

ராம்நகர்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில அவரு கடை வெச்சிருந்தாரு. இந்த மாதிரிப் புக்கு, பகடை, பலகை ஆட்டம் எல்லாம் விக்கறது. மூணு மேசை, ஒவ்வொண்ணுக்கும் ஆறு சேர். யாரு வேணும்னாலும் உக்காந்து ஆடலாம், வாடகை கெடையாது. நான் இன்சூரன்ஸ் காயிதம் ஜெராக்ஸ் எடுக்கப் போனவன். மேல ஒரே சிரிப்புச் சத்தம். என்னன்னு பாக்கலாம்னு படியேறினேன். ஒரு பொம்பளை எந்திரிச்சு நின்னு, கையை விரிச்சு, 'ஆத்துல வெள்ளம் ஏறுது, யாரு மொதல்ல எறங்கறீங்க?'ன்னு கேக்குது. நாலு பேரும் வாயைத் தெறந்துட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு என்னாச்சுன்னு தெரியலீங்க. வாசப்படியில நின்னுட்டு, 'நான் எறங்கறேன்'னுட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அந்தம்மா சிரிச்சுக்கிட்டு, 'அப்ப உக்காருங்க சார், உங்க பேரென்ன?'ன்னு கேட்டுச்சு.

அதுதான் மெஹருன்னிசா டீச்சரு. ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்குது. அன்னிக்கு ஜெயசீலனே ஒரு சேரை இழுத்துப் போட்டாரு, ஜன்னலோரத்துல. ரெண்டரை வருசம் அது என் சேருங்க. என் வேசம் கொம்பன். ஈட்டி வெச்சிருக்கற காவக்காரன். கம்பெனியில என்கிட்ட எவனும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டான், நான் ரிஜெக்ட் பண்றவன்ல. அங்க வாங்க கொம்பண்ணாம்பாங்க. நித்திலான்னு பல் டாக்டருக்குப் படிக்கற பொண்ணு ஒண்ணு, 'அங்கிள், நீங்க முன்னால போங்க, உங்க பின்னாடி வர்றேன்'னு சொல்லும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லைங்க. அது சொல்லும்போது நல்லாருக்கும்.

டீ எடுத்துக்குங்க. சக்கரை போதுங்களா?

மொதப் புக்கு ஜெயசீலன்கிட்டத்தான் வாங்குனேன். வீட்டுக்கு வந்து ஃபோன்ல பாத்தா, அதே புக்கு ஆன்லைன்ல மூணுல ஒரு பங்கு கம்மி! வயிறு எரியுமா எரியாதாங்க? அடுத்த வாரமே போயி, கடையில நாலு பேரு இருக்கறப்பவே ஃபோனை நீட்டிக் காட்டினேன். ஒரு தகவலுக்குத்தான். உன் வெலை அதிகம்னு தெரிஞ்சாத்தான மனுசன் கொறைப்பான்? அவரு பாத்துட்டு, 'அவங்களுக்குக் கட்டுபடியாகுதுங்ணா, எனக்கு ஆகாதுங்ணா'ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு வாரமும் காட்டுவேன். ஒரு வாரங்கூட அவரு வெலையைக் கொறைக்கல. வியாபாரம் தெரியாத ஆளுங்க.

அதுக்கப்புறம் எல்லாமே ஆன்லைன்தான். பார்சலை வீட்ல பிரிக்க மாட்டேன், கடைக்குக் கொண்டு போயி அவரு மேசை மேலயே வெச்சுப் பிரிப்பேன். எல்லாரும் பாக்கட்டும்னு. அதுல ஒண்ணு வந்துச்சு பாருங்க, மூலை மடங்கி, அட்டை நசுங்கி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. திருப்பி அனுப்பலாம்னா, படம் எடு, ஃபாரம் பூர்த்தி பண்ணு, பத்து நாள் காத்திருன்னு ஒரே அக்கப்போரு. ஜெயசீலன் அலமாரியில அதே புக்கு புத்தம் புதுசா இருக்குது. 'இதை வெச்சுட்டு அதைக் குடுங்க, ஒரே கம்பெனி, ஒரே புக்குதான?'ன்னு கேட்டேன்.

குடுத்துட்டாருங்க. இல்லேன்னு சொல்லக் கூடாது. 'வெச்சுட்டுப் போங்ணா'ன்னு நல்லதை எடுத்துக் குடுத்துட்டாரு. மடங்குனதை, வர்றவங்க புரட்டிப் பாக்கறதுக்குன்னு முன்னால வெச்சுக்கிட்டாரு. ஆனா குடுக்கறப்ப மூஞ்சியில ஒரு சிரிப்பு வேண்டாமுங்களா? வாடிக்கைக்காரன்கிட்டச் சிரிக்காத கடை எப்படி ஓடும், நீங்களே சொல்லுங்க.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

போன வருசம் ஆனி மாசம் டீச்சரு புதுக் கதை ஆரம்பிச்சுது. சாம்பக்கோட்டைன்னு நாங்க சொல்லுவோம், இங்கிலீஷ்ல பெரிய பேரு. தடிமனான புக்கு. எரிஞ்சு போன கோட்டை ஒண்ணு, அதுக்குள்ள ஆயிரம் வழி. நித்திலாவோட வேசத்துக்கு ஒரு அண்ணன், சின்ன வயசுல காணாமப் போனவன். அவனைத் தேடித்தான் அந்தப் பொண்ணு கோட்டைக்குள்ளயே வருது. கொம்பன் அவளுக்குத் துணை.

அந்தக் கடையில ஒரு வழக்கம் இருந்துச்சுங்க. ஒரு மேசையில எந்தக் கதை ஓடுதோ, அந்தப் புக்குக்கு ஜெயசீலன் சிவப்பு நூல் கட்டி, எந்த மேசைன்னு ஒரு சீட்டுச் சொருகி வெச்சுருவாரு. அந்த மேசைக்காரங்க யாரும் அதைப் புரட்டக் கூடாது, வாங்கவும் கூடாது. புது ஆளு வந்து கதைப் புக்கைக் கையில எடுத்தா மொதக் கேள்வி, 'நடத்தவா, ஆடவா?' நடத்தறவருக்குத்தான் குடுப்பாரு. ஆடறவருன்னா வேற ஏதாவது காட்டுவாரு. காசை நீட்டிட்டு நிக்கறவனைத் திருப்பி அனுப்பற கடையை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

மூணாவது வாரம் கெணத்து அறையில கொம்பன் சாகப் பொழைக்கக் கெடந்தான். மிதிச்சதும் தரையில ஒரு கல்லு உள்வாங்கிருச்சு, அது ஒரு பொறி. எனக்குச் சந்தேகம். கெணத்துக்கு அந்தப் பக்கந்தான் கல்லு இருக்கோணும், இந்தப் பக்கம் எப்படி வந்துச்சு? டீச்சரு புக்கைச் சரியாப் படிச்சுதா? ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. கம்பெனியில டிராயிங் இல்லாம ஒரு போல்ட்டைக்கூட நான் பாஸ் பண்ண மாட்டேனுங்க. டிராயிங் ஒருத்தர் கையில, மத்தவங்க எல்லாம் கண்ணைக் கட்டிட்டு நடக்கோணும்னா எப்படி?

சனிக்கிழமை சீக்கிரமே போயி ஜெயசீலன்கிட்டக் கேட்டேன். சாம்பக்கோட்டை ஒண்ணு குடுங்கன்னு. அவரு என்னைப் பாத்தாரு. என்னைத் தெரியாத மாதிரி, புது ஆளைக் கேக்கற மாதிரி, 'நடத்தவா ஆடவாங்ணா?'ன்னு கேட்டாரு.

'சும்மா வெச்சுக்கறதுக்கு'ன்னேன்.

'முடிஞ்சதும் தர்றனுங்ணா. நானே எடுத்து வெக்கறேன்.'

'முழு வெலை தர்றேன். தள்ளுபடி வேண்டாம்.' பாருங்க, என் வாயில இருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் மொதத் தடவை. அதுக்கும் தலையை ஆட்டிட்டாரு.

'இதை நான் உங்களுக்கு வித்தா, உங்க சனிக்கிழமையை நான் புடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிருமுங்ணா'ன்னாரு.

என்ன பேச்சுங்க இது? சனிக்கிழமையை எவனாவது புடுங்க முடியுமா? எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துருச்சு. அவரு கண்ணு முன்னாலயே, அந்த ஜன்னலோரத்துச் சேர்லயே உக்காந்து ஃபோன்ல ஆர்டர் போட்டேன். நடத்தவா ஆடவான்னு எவனும் கேக்கல. நீ யாருன்னே எவனும் கேக்கல. ரெண்டே நாள்ல வந்துருச்சு, மூலைகூட மடங்காம. அதுதாங்க வியாபாரம்.

படிச்சேன். ரெண்டு ராத்திரி, ஒரு வரி விடாம. கெணத்துக் கல்லு இந்தப் பக்கந்தான் இருந்துச்சு, டீச்சரு சொன்னது சரிதான். அது வேற விசயம்.

ஆனா நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலீங்க. அதை நீங்க நம்போணும். எந்தக் கதவுல விசம் இருக்குதோ அதைக் கொம்பன் தொட மாட்டான், அவ்வளவுதான். பாலம் ஒடைய இருக்கற வாரம் கொம்பன் கயிறு வாங்கிட்டு வந்தான். நித்திலா ஒரு பெட்டியைத் தெறக்கப் போனப்ப, 'வேண்டாங் கண்ணு, பக்கத்துல இருக்கறதைத் தெற'ன்னேன். எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான். எங்க மேசையில ரெண்டு மாசம் ஒருத்தருக்குக் காயம் இல்ல. முன்னயெல்லாம் எந்திரிச்சு நின்னு கத்துவாங்க, பகடை உருளறப்ப மூச்சைப் புடிச்சுக்குவாங்க. அந்த ரெண்டு மாசம் அமைதியா, ஒழுங்கா ஆடினோம். நித்திலாகூட ஃபோனைப் பாத்துட்டே ஆடுற அளவுக்குச் சுலபமாயிருச்சு. டீச்சரு மட்டும் அப்பப்ப என்னையவே பாக்கும். நல்லா ஆடறேன்னு பாக்குதுன்னு நெனைச்சேன்.

ஐப்பசி மாசம், மழை நாளு. கோட்டையோட நடுக்கூடத்துக்கு வந்துட்டோம். சாம்பல் முழங்கால் வரைக்கும் கெடக்குது. அந்தக் கடைசியில முகமூடி போட்ட ஒருத்தன் நிக்கறான். கையில ஆயுதமில்ல. ஒரு வார்த்தை பேசாம நித்திலாவைப் பாத்து நடந்து வர்றான். நித்திலா ஃபோனைக் கவுத்து வெச்சுருச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் மேசையில எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. டீச்சரு கொரலைத் தாழ்த்தி, 'அவன் கையைத் தூக்கறான்'னு சொல்லுச்சு.

எனக்குத் தெரியுமுங்க அவன் யாருன்னு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். கோட்டையோட கணக்கப்பிள்ளை. சட்டைக் கைக்குள்ள விச ஊசி இருக்குது. கையைத் தூக்கி முடிக்கறதுக்குள்ள அவனைக் கொன்னுரோணும், இல்லேன்னா முன்னால நிக்கறவங்க செத்தாங்க. முன்னால நிக்கறது நித்திலா. நான் ஒரு நிமிசம் யோசிக்கல. 'கொம்பன் ஈட்டியை எறியறான்'னேன்.

'அங்கிள், இருங்க'ன்னுச்சு நித்திலா. நான் உருட்டிட்டேன். இருவது விழுந்துச்சுங்க! என் ஆயுசுல இருவது விழுந்தது நாலே தடவை.

டீச்சரு ரொம்ப நேரம் அந்தப் பகடையையே பாத்துட்டு இருந்துச்சு. அப்புறம் மெதுவா, 'ஈட்டி நெஞ்சுல பாயுது. முகமூடி கழண்டு விழுது. நித்திலா, அது உன் அண்ணன். உன் தலையைத் தொடத்தான் கையைத் தூக்கினான்'னுச்சு.

வெளிய மழை பேயுது. நித்திலா அழுதுச்சுங்க. கதைக்குப் போயி யாராவது அழுவாங்களா? கண்ணுல தண்ணி சொட்டுச் சொட்டா, வேசத்தைப் பத்தி எழுதி வெச்ச காயிதத்து மேல விழுகுது. எனக்குப் பொறுக்கல. 'டீச்சர், தப்பு. அது அவ அண்ணன் இல்ல. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்குது, அவன் கணக்கப்பிள்ளை'ன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு அழுகையை நிறுத்தோணும்னுதாங்க சொன்னேன்.

டீச்சரு கேட்டுச்சு, 'நூத்திப் பன்னெண்டாம் பக்கம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?'

'வாங்கிட்டேன்'னு சொன்னேன். பொய் சொல்ற பழக்கம் என்கிட்ட இல்லீங்க.

அப்பறம்தான் தெரியுது, நடுக்கூடத்துக் கதையை அந்தம்மா புக்குல இருக்கற மாதிரி வெக்காம மாத்திருச்சு. என் மேல சந்தேகம் வந்து மாத்திருக்குது. இப்ப நீங்க சொல்லுங்க. டிராயிங்கை ஒருத்தர் பாட்டுக்கு யாருக்கும் சொல்லாம மாத்திட்டா, அதை நம்பிச் செஞ்சவன் மேலயா தப்பு? புக்குப்படி நான் செஞ்சது சரி. இன்னிக்கும் சொல்லுவேன். புக்குப்படி நான் அந்தப் பொண்ணைக் காப்பாத்தினேன்.

'இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்'னுட்டு டீச்சரு ஃபிளாஸ்க்கை மூடுச்சு. எப்பவும் எல்லாருக்கும் சுக்கு காப்பி கொண்டாரும், பனங்கருப்பட்டி போட்டு. அன்னிக்கு யாரும் குடிக்கல. எல்லாரும் எறங்கிப் போனாங்க. நித்திலா எப்பவும் போயிட்டு வர்றேன் அங்கிள்னு சொல்லும். அன்னிக்குச் சொல்லல. ஜெயசீலன் கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து, என் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. அந்த ஆளு நாலு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலைங்க. 'மழை விட்டதும் போங்ணா'ன்னு மட்டும் சொன்னாரு.

அடுத்த வாரம் டீச்சர்கிட்ட இருந்து மெசேஜ். இப்போதைக்குக் கொஞ்சம் இடைவெளி விடலாம் சார், பரீட்சை வேலை இருக்குன்னு. பாவம், பேப்பர் திருத்தோணும்ல. நானும் சரின்னுட்டேன். எங்க மேசைக்குன்னு இருக்கற வாட்ஸ்அப் குழுவுல அதுக்கப்புறம் ஒரு பேச்சும் இல்ல. பொங்கலுக்கு நான் வாழ்த்துப் போட்டேன். எல்லாரும் கையெடுத்துக் கும்புடற படம் போட்டாங்க. சனிக்கிழமையானா மூணு மணிக்கு இப்பவும் ஒருக்காத் தெறந்து பாப்பேன்.

தை மாசக் கடைசியில ஜெயசீலன் கடையை மூடிட்டாரு. கட்டுபடியாகலியாம். நான் அப்பவே சொன்னேன், எல்லாரும் ஆன்லைன்ல வாங்கறாங்க, நீங்களும் மாறுங்கன்னு. யாரு கேட்டா? கடைசி நாளு போனேன். எல்லாப் புக்கும் பாதி வெலைக்குப் போட்டிருந்தாரு. சாம்பக்கோட்டை மட்டும் அலமாரியில அப்படியே இருந்துச்சு, சிவப்பு நூலோட. அதை அன்னிக்கும் அவரு விக்கல. போறப்பக் கூப்பிட்டு அந்த மூலை மடங்குன புக்கை என் கையில குடுத்தாரு. 'இது உங்களுதுங்ணா'ன்னாரு. பாத்தீங்களா? சும்மா குடுக்கறதுலகூட நல்லதாப் பாத்துக் குடுக்கல. அதைத்தான் இப்ப உங்ககிட்ட இருந்து வாங்கி வெச்சேன். விக்கறதுக்கில்லைங்க அது. யாரு வாங்குவாங்க அதை?

அவரு கடை மூடுனதாலதான் எங்க மேசையே கலைஞ்சு போச்சு. இடமில்லாம எங்க ஆடறது? புக்கை வெச்சுட்டு என்ன பண்றது? பொட்டியில போட்டுப் பரண்ல ஏத்துங்குது தேவகி. அதான் வித்தர்றேன்.

அதைப் பாத்துட்டு இருக்கீங்களா? அதுதான் சாம்பக்கோட்டை. அட்டைப் படம் நல்லாருக்கும். ஒரு நிமிசங்க. உங்க வீட்டுக்காரரு நடத்தவா, ஆடவா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். ஆடறவருதானுங்களா. புதுசாச் சேந்தவரா? எங்க ஆடறாரு? இந்த ஊர்ல இதை ஆடறவங்க மொத்தமே அம்பது பேரு தேற மாட்டாங்க, எனக்குத் தெரிஞ்சவங்களாத்தான் இருக்கும்.

சாயிபாபா காலனியிலயா? வீட்லயா? யாரு வீட்ல?

எந்த டீச்சரு?

தேவகி, அந்த மிக்சியைக் கொஞ்சம் நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன்ல.

சுக்கு காப்பி குடிச்சுட்டு வர்றதால அன்னிக்கு ராத்திரிச் சோறு வேண்டாம்பாருங்களா. அது கருப்பட்டி போட்டது, வயிறு நெறைஞ்சுரும். எப்பத்துல இருந்துங்க? மாசியில இருந்தா. அவரு சேர்றதுக்கு முன்னாலயே ஆடிட்டுத்தான் இருந்தாங்களாம்மா? ஓ. கார்த்திகையில இருந்தே டீச்சரு வீட்லதானா.

சரி. நல்லதுதான். பேப்பர் திருத்தற வேலை முடிஞ்சிருக்கும்.

பல் டாக்டருக்குப் படிக்கற பொண்ணு ஒண்ணு வருதுங்களா? நல்லாருக்குதா? சிரிச்சுப் பேசுதுன்னு சொன்னாருங்களா? ஜெயசீலனும் வர்றாரா! ஆடறாரா அவரு? கடை இருந்த வரைக்கும் ஒரு நாளு உக்காந்து ஆடினதில்லீங்க, கல்லாவை விட்டு எந்திரிக்க முடியாது. எங்க உக்காருறாரு? இல்ல, உங்களுக்கு எப்படித் தெரியும். விடுங்க.

என்ன கதை ஓடுதுன்னு சொன்னாரு? சாம்பலா. கோட்டையா. வீட்ல சாப்பிடறப்பச் சொல்லுவாருங்களா? என்ன சொல்லுவாரு? வாசல்ல யாரு?

கொம்பனா?

இருங்க, மெதுவாச் சொல்லுங்க. ஒவ்வொரு வாரமும் ஆரம்பிக்கறப்பக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போவாங்களா. அங்க ஒரு சமாதி, அந்த அண்ணனோடதுதான். அதுக்குப் பக்கத்துல ஈட்டியோட ஒரு காவக்காரன் நிக்கறான். பேச மாட்டான். 'கொம்பன் இன்னும் நிக்கறான்'னு டீச்சரு சொல்லிட்டுத்தான் கதையை ஆரம்பிக்குமா. யாரு அவன், எதுக்கு நிக்கறான்னு உங்க வீட்டுக்காரரு கேட்டிருக்காரா? டீச்சரு என்ன சொல்லுச்சு?

'அவனை ஆடறவரு இன்னிக்கு வரலை'ன்னா?

'இன்னிக்கு வரலை'ன்னா சொல்லுச்சு?

ஒண்ணுமில்லீங்க. டீ ஆறிப் போச்சுங்க.

இந்தாங்க, இந்த நாலும் எடுத்துக்குங்க. சட்டதிட்டப் புக்கு ரெண்டு, ஊரு, கடலு பத்தினது ஒண்ணு, பூதங்க படம் போட்டது ஒண்ணு. அவருக்குப் புடிக்கும். கயிறு போட்டுக் கட்டித் தர்றேன். சாம்பக்கோட்டையை வெச்சுருங்க.

வெச்சுருங்கன்னு சொன்னேன்ல. அது இல்ல.

வெலை பிரச்சனையில்லீங்க. நீங்க ரெண்டு மடங்கு குடுத்தாலும் இல்ல. அவரு ஆடறவரு. ஆடறவருக்கு இதைத் தர மாட்டேன். எனக்குத் தெரியுமுங்க, ஆன்லைன்ல கெடைக்கும். இப்ப இங்க உக்காந்தே போடலாம், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரும். ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்க மாட்டான். அதுக்குத்தான் சொல்றேன், போடாதீங்க. அவருக்கு ஒரு நல்ல சட்டை எடுத்துக் குடுங்க. எதை வேணும்னாலும் குடுங்க, இதைக் குடுத்துறாதீங்க.

கோவமில்லைங்களே? இல்ல, எல்லாம் ஜெயசீலன் மேலதான் தப்பு. ஆளைப் புடிச்சு உக்கார வெச்சு, இதைப் படிச்சா இன்னது ஆகும்னு வெவரமாச் சொல்லியிருக்கோணும். சனிக்கிழமை, கினிக்கிழமைன்னு சொன்னா மனுசனுக்கு என்ன புரியும்?

ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். அண்ணன் செத்துட்டான், கணக்கப்பிள்ளை எடத்துல அவனை வெச்சுட்டாங்க. புக்குல அதுக்கப்புறம் கோட்டையே இடிஞ்சு விழுந்து கதை முடிஞ்சுரும். ஆனா எட்டு மாசமா இன்னும் போயிட்டு இருக்குதுன்னா, கோட்டைக்குப் பின்னால கடலுக்கெல்லாம் போயிட்டாங்கன்னு நீங்க சொல்றதைப் பாத்தா, அந்தம்மா புக்கையே மூடி வெச்சுருச்சு. சொந்தமாவே நடத்துது. அந்தக் கடலு இந்தப் புக்குல எங்கயும் இல்லீங்க, நான் வரி விடாமப் படிச்சிருக்கேன்.

அப்ப இதுக்கு மேல என்ன வரும்னு எனக்கும் தெரியாதுங்களே. நானும் மத்தவங்க மாதிரிதான.

பாத்து எறங்குங்க, அந்தப் படி கொஞ்சம் சறுக்கும். வீட்டுக்காரர்கிட்டச் சென்னியப்பன்னு பேரு சொல்ல வேண்டாம். இல்ல, சொல்லுங்க. பொறந்தநாளு முடிஞ்சதுக்கப்புறம் சொல்லுங்க. கொம்பனுக்கு நின்னு நின்னு காலு கடுத்திருக்கும்னு டீச்சர்கிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும்.

ஏங்க, ஒரு நிமிசம். இப்பவும் சனிக்கிழமை மூணு மணிக்குத்தானுங்களா?